கழுத்து டிஸ்க் வலிக்கு லேசர்: கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு போகலாம். லேசர் வைத்ததில் என் கழுத்து வலி நன்றாகவே குறைந்தது. ஆனால் பிதுங்கிய டிஸ்க்கை (கழுத்தெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருப்பது) அந்த லேசர் தொட்டிருக்கக்கூட வாய்ப்பில்லை. இந்த இரண்டும் சேர்ந்தே உண்மையாக இருக்கலாம் என்பதை ரோட்டோரம் பலகை வைக்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை. ஸ்டார் போடச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை. அதில் ஒன்றரை மெஷினுக்கு, இரண்டு அந்த மெஷினைப் பிடித்திருந்த பிசியோதெரபிஸ்ட் பொண்ணுக்கு.

சென்டர் பெயரைப் போடவில்லை. போட்டால் காசு வாங்கிக்கொண்டு எழுதினேன் என்பார்கள், அதோடு அந்தப் பொண்ணு நாளைக்கே வேறு இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டால் நான் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். மதுரை கே.கே.நகர் பக்கம் என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும்.

எனக்கு வேலை சிவகாசியில், டி.டி.பி., அதாவது அச்சுக்குப் போகும் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் அமைப்பது. காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை, பட்டாசுப் பெட்டி லேபிள் என்று எது வந்தாலும் செய்வோம், ஆனால் கழுத்தை ஒடித்தது தினசரி காலண்டர்தான். ஆடிப்பெருக்குக்குப் புது வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியே வந்துவிட்டால் அதற்கப்புறம் மார்கழி வரை தலை நிமிர முடியாது. ஒரு நாள் தாளுக்குள் தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம், இதுபோக அடியில் ராசிபலன் வேறு. வருஷம் முழுவதற்குமான தாள்களை மேசையில் பரப்பி, இடது கையில் ஸ்கேல், வலது கையில் சிவப்புப் பேனா, குனிந்தபடியே வரி வரியாக ப்ரூஃப் பார்க்க வேண்டும். நல்ல நேரம் அரை மணி தப்பி அச்சாகிவிட்டால் முகூர்த்தம் வைத்தவர்கள் எல்லாம் போன் போட்டுத் திட்டுவார்கள், அந்தப் பயத்திலேயே தோள் இரண்டும் காதுக்கு ஏறி நிற்கும்.

வலி கழுத்தின் அடியில் ஆரம்பித்து வலது தோள்பட்டைக்குப் பின்னால் இறங்கி, அங்கிருந்து கை வழியாக ஓடிக் கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் மதமதப்பாக நிற்கும். இரவில் புரண்டு படுத்தால் சுரீர் என்று எழுப்பிவிடும். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. ஊரில் எல்லாரும் செய்வதை எல்லாம் செய்தாயிற்று: மெடிக்கலில் சொல்லி வாங்கும் வலி மாத்திரை, டாக்டர் எழுதிய நரம்பு வலி மாத்திரை பிரிகாபலின் (காலையில் தலை கிறுகிறு என்று சுற்றி, மானிட்டரில் எழுத்து இரண்டாகத் தெரிந்தது), மீத்தைல்கோபாலமின் என்ற பி12 வைட்டமின், கழுத்துப் பட்டை, நொச்சி இலை ஒத்தடம், பக்கத்துத் தெரு பிசியோதெரபியில் ரப்பர் பேடு ஒட்டி வைக்கும் ஐ.எஃப்.டி. கரண்ட், தலையைக் கட்டி இழுக்கும் டிராக்‌ஷன். எதுவும் சுத்தமாக வீண் என்று சொல்ல மாட்டேன், எதுவும் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

லேசரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் டாக்டர் பார்த்ததைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் எம்.ஆர்.ஐ. கவரைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே லேசர் சென்டருக்குத்தான் போகிறார்கள். என் ரிப்போர்ட்டில் சி5-சி6 டிஸ்க், அதாவது ஐந்தாம் ஆறாம் கழுத்தெலும்புகளுக்கு நடுவில் உள்ளது, வலப்பக்கமாகப் பிதுங்கி நரம்பு வேரைத் தொடுகிறது என்று இருந்தது. அந்த இடத்தில் வெளியே வருவது ஆறாம் கழுத்து நரம்பு, அது ஓடிப் போய்ச் சேருவது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் உள்ள பக்கம், ஆக என் விரலும் படமும் ஒன்றையே சொல்கின்றன. இதற்கு ஒரு தட்டு கீழே, சி6-சி7இல் என்றால் பெரும்பாலும் நடுவிரல் மரத்துப்போகுமாம், முழங்கையை நீட்டும் சதை பலம் குறையுமாம். கழுத்தில் டிஸ்க் கோளாறு என்றால் பெரும்பாலும் இந்த இரண்டு இடம்தான்.

நரம்பியல் சர்ஜன் படத்தைப் பார்த்ததைவிட என்னைப் பார்த்ததுதான் அதிக நேரம். தலையைச் சாய்த்துப் பிடித்து உச்சியில் மெதுவாக அழுத்தினார், கட்டை விரல் வரை இழுத்தது. சின்னச் சுத்தியலால் முழங்கை மடிப்பில் தட்டினார். நடுவிரல் நகத்தைச் சுண்டிவிட்டுக் கட்டை விரல் தானாகத் துள்ளுகிறதா என்று பார்த்தார். குதிகாலை விரலோடு ஒட்ட ஒட்ட வைத்து ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார். ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடிகிறதா, சாதம் பிசையும்போது விரல் சொன்ன பேச்சைக் கேட்கிறதா, பாத்ரூம் அவசரம் அடக்க முடியாமல் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இதெல்லாம் தண்டுவடமே அழுந்துகிறதா என்று பார்ப்பதற்காம். இதில் ஏதாவது உங்களுக்கு இருந்தால் தயவுசெய்து லேசர், எண்ணெய், வர்மம், கட்டு எதற்கும் போகாதீர்கள், நேரே சர்ஜனிடம் போங்கள், அங்கே தாமதம்தான் ஆபத்து. எனக்கு அது எதுவும் இல்லை. மணிக்கட்டில் நரம்பு அழுந்தினாலும் இதே விரல்கள் மரத்துப்போகும் என்று நரம்பு ஓட்டப் பரிசோதனையும் எழுதிக்கொடுத்தார், அதுவும் சரியாகவே வந்தது.

“பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே அடங்கிடும்மா. பிதுங்கின டிஸ்க்கே சில பேருக்கு நாளடைவில் சுருங்கிடும். உங்களுக்குக் கொஞ்சம் நீண்டுபோச்சு, அவ்வளவுதான்” என்றார். படத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்பதற்கு அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து நானும் தேடிப் பார்த்தேன். ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து 2015இல் வெளியிட்டிருக்கிறார்கள், அதில் 87.6 சதவீதம் பேருக்கு எங்காவது ஓர் இடத்தில் டிஸ்க் பிதுக்கம் இருந்திருக்கிறது. வலியே இல்லாத ஆட்களுக்கு! அதனால் ரிப்போர்ட்டில் ‘பல்ஜ்’ என்று பார்த்ததும் வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்காதீர்கள்.

சரி, லேசர். கடைக்காரர்கள் இந்த ஒரு பெயரில் மூன்று சரக்கு விற்கிறார்கள், விலையும் வேலையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. முதலாவது குறைந்த சக்தி லேசர், 500 மில்லிவாட்டுக்குள் இருக்கும், தோலில் வைத்தால் வைத்த மாதிரியே தெரியாது. இரண்டாவது கிளாஸ் 4 என்று சொல்லும் அதிக சக்தி லேசர், அரை வாட்டுக்கு மேல் உள்ளதெல்லாம் இந்த வகை, பிசியோ சென்டர்களில் இருப்பது பத்து வாட், பதினைந்து வாட் என்று போகும், சூடு தெரியும். இந்த இரண்டும் தோலுக்கு வெளியே இருந்தபடியே வெளிச்சம் பாய்ச்சுவது. மூன்றாவது வேறு ஜாதி. எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே கழுத்தின் முன்பக்கம் ஊசியை இறக்கி, மூச்சுக்குழாயை ஒரு பக்கமும் ரத்தக்குழாயை ஒரு பக்கமும் ஒதுக்கி, டிஸ்க்குக்குள்ளேயே மெல்லிய கண்ணாடி இழையை விட்டு, நடுவில் உள்ள கூழ் மாதிரியான பகுதியில் கொஞ்சத்தை ஆவியாக்குவது. தோல் வழியாக லேசரால் டிஸ்க்கின் அழுத்தத்தைக் குறைப்பது என்ற பொருளில் ஆங்கிலச் சுருக்கமாக பி.எல்.டி.டி. என்பார்கள். டேனியல் சாயும் பீட்டர் ஆஷரும் 1986இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் முதன்முதலாக ஒரு மனிதருக்கு, இடுப்பு டிஸ்க்கில், செய்தது, அமெரிக்காவில் 1991இல் அனுமதி கிடைத்தது. உள்ளே அழுத்தம் குறைந்தால் பிதுக்கம் உள்வாங்கும் என்பது கணக்கு. ஆனால் டிஸ்க்கின் வெளி வளையம் கிழியாமல், பிதுக்கம் மட்டும் இருக்கிறவர்களுக்குத்தான் அது. துண்டு உடைந்து வெளியே வந்துவிட்டால் நடுவில் எவ்வளவு ஆவியாக்கியும் பயனில்லை. ஊசி போகிற எந்த வைத்தியத்திலும் போல டிஸ்க்கில் கிருமி தொற்றும் அபாயமும் உண்டு. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு இதைச் சொன்னார்கள், சொன்ன தொகை லட்சத்தைத் தாண்டியது. என் சர்ஜனிடம் கேட்டதற்கு, “வலி குறைஞ்சுக்கிட்டு வர்ற நேரத்துல கழுத்துக்குள்ள ஊசி எதுக்கு?” என்றார். நான் எழுதுவது இரண்டாவது வகையைப் பற்றி மட்டும்.

இடம் தேடும்போது முதலில் போனது வேறோர் இடம். வாசலில் ஆளுயரப் பலகை: ஆபரேஷன் இல்லாமல் லேசர் மூலம் விலகிய டிஸ்க் மீண்டும் பழைய இடத்துக்கு. உள்ளே ஏ.சி., தண்ணீர் விழும் பொம்மைப் பாறை, பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்று. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் அந்தப் பிளாஸ்டிக்கில் சிவப்பாகத் துருத்திக்கொண்டிருந்த டிஸ்க்கை விரலால் அழுத்தி உள்ளே தள்ளிக் காட்டி, “இதைத்தான் மேடம் லேசர் செய்யுது” என்றார். என் எம்.ஆர்.ஐ. கவரைப் பிரிக்கவே இல்லை, கழுத்தில் கை வைக்கவும் இல்லை. மெஷின் எத்தனை வாட் என்று கேட்டேன், “ஜெர்மன் மெஷின் மேடம்” என்று பதில் வந்தது. எந்த அலைநீளம் என்றேன், “லேட்டஸ்ட்” என்றார். மொத்தமாக நாற்பதாயிரம் கட்டினால் பேக்கேஜ், இன்றைக்கே கட்டினால் ஐந்தாயிரம் தள்ளுபடி, நடுவில் நின்றால் பணம் திரும்ப வராது. வீட்டுக்காரர் பர்ஸை எடுக்கவே விடவில்லை நான். வைத்தியத்துக்கு ஆடித் தள்ளுபடி போடுகிற இடத்தில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

கே.கே.நகர் சென்டர் ஒரு வீட்டின் கீழ்த்தளம். நான்கு கட்டில், நடுவில் திரைச்சீலை, ஃபேன் சத்தம். முதல் நாள் லேசரே வைக்கவில்லை. கழுத்தை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப முடிகிறது என்று அளந்து எழுதிக்கொண்டார்கள், பிடிமானம் பார்த்தார்கள், நான் வேலையில் உட்காரும் கோலத்தைப் போட்டோ எடுத்து வரச் சொன்னார்கள். அந்தப் பொண்ணு தெளிவாகச் சொல்லிவிட்டாள்: “அக்கா, இது டிஸ்க்கை எதுவும் பண்ணாது. வலியும் சதை இறுக்கமும் குறையும். குறையுற நேரத்துல நீங்க எக்சர்சைஸ் பண்ணணும், அதுக்குத்தான் இது.” இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அங்கே சேர்ந்தேன்.

வைக்கிற விதம் இப்படி. ஸ்டூலில் உட்கார்ந்து முன்னால் உள்ள மேசைத் தலையணையில் நெற்றியைப் பதித்துக்கொள்ள வேண்டும். நமக்கும் அவர்களுக்கும் கண்ணுக்குத் தனிக் கண்ணாடி, அது இல்லாமல் மெஷினை ஆன் செய்யவே கூடாது, கண்ணில் நேராகப் பட்டாலும் சரி, பளபளப்பான எதிலாவது பட்டுத் திரும்பினாலும் சரி, விழித்திரை போய்விடும். அதனால்தான் தாலிச் செயினை முன்பக்கம் தள்ளி அதன்மேல் டவல் போட்டு மூடினாள், காதுத் தோடையும் கழற்றச் சொன்னாள். பிடரியில் இருந்த தேங்காய் எண்ணெயை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள், எண்ணெயோ தைலமோ இருந்தால் சூடு ஏறுமாம். டார்ச் மாதிரி கைப்பிடி, முனையில் கண்ணாடிக் குண்டு. திரையில் 810, 980 நானோமீட்டர் என்று இரண்டு அலைநீளம், அதற்குக் கீழே வாட், அதற்கும் கீழே ஜூல் கணக்கு ஆட்டோ மீட்டராக ஏறிக்கொண்டே போகும். கழுத்துத் தண்டின் இரண்டு பக்கச் சதை, தோள் மேல் சதை, தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு என்று கை ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியில் இருந்து எடுத்த சேலையை அப்படியே தோளில் போட்ட மாதிரி ஒரு சூடு. பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

இங்கே நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது, இதை எந்த நோட்டீஸிலும் நான் பார்க்கவில்லை. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் இந்த வெளிச்சத்தை நன்றாக உறிஞ்சும், 810இல் இன்னும் கொஞ்சம் அதிகமாக. மாநிறம், கறுப்பு நிறம் என்றால் மேல் தோலிலேயே சூடு தங்கிவிடும், அதனால் வாட்டைக் குறைத்து, கையை வேகமாக நகர்த்த வேண்டும். வெள்ளைத் தோலுக்கு மெஷினில் ஏற்றி வைத்திருக்கும் அளவை அப்படியே அமுக்கினால் சுட்டுவிடும். அந்தப் பொண்ணு இதைத் தெரிந்து வைத்திருந்தாள், ஆரம்பத்தில் குறைவாக வைத்து, “சூடு இதமா இருந்தா சரி, சுடுதுன்னா உடனே சொல்லணும், தாங்கிக்கிட்டு உக்காரக் கூடாது” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் லீவில் இருந்த ஒரு நாள் ஒரு பையன் வைத்தான். ஒரு கையில் லேசர், ஒரு கண் செல்போனில். பச்சை குத்திய இடம், மச்சம், கறுத்த தழும்பு எல்லாவற்றையும் சுற்றித்தான் போக வேண்டும், அவன் என் தோளில் இருக்கும் மச்சத்தின் மேலேயே நிறுத்திவிட்டான். கத்திவிட்டேன். மறுநாளும் எரிந்தது, அந்த இடம் கொஞ்ச நாள் கறுத்துக் கிடந்தது. ஒன்றரை ஸ்டார் போனது இதற்குத்தான். சர்க்கரை இருக்கிறவர்களுக்குத் தோலில் சூடு உணர்வே மங்கிப்போயிருக்கலாம், அவர்கள் இன்னும் உஷார்.

வேலை செய்ததா? ஆரம்பத்தில் ஒன்றும் தெரியவில்லை, வைத்துவிட்டு வந்த ராத்திரி வலி கூடக் கொஞ்சம் ஏறியது. அப்புறம் தூக்கம்தான் முதலில் திரும்பி வந்தது. பிறகு ஸ்கூட்டியைப் பின்னால் எடுக்கும்போது முழு உடம்பையும் திருப்பாமல் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்க்க முடிந்தது. பத்துக்கு ஏழு என்று சொல்லிக்கொண்டிருந்த வலி நாலில் வந்து நின்றது, சில நாள் மூன்று. தோள்பட்டைக்குப் பின்னால் குடைவது ஏறக்குறைய போய்விட்டது. கட்டை விரல் தெளிந்துவிட்டது, ஆள்காட்டி விரல் நுனியில் மட்டும் இன்னும் லேசான மதமதப்பு. நரம்பு சமாச்சாரம் கடைசியில்தான் சரியாகும் என்கிறார்கள், பார்ப்போம். எம்.ஆர்.ஐ. மறுபடி எடுக்கவில்லை, வலி குறையும்போது படம் என்ன சொன்னாலும் வைத்தியம் மாறப்போவதில்லை என்று டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். சென்டரில் எனக்கு முந்தின நேரத்துக்கு வரும் ரிட்டயர்டு வாத்தியார் ஐயா ஒருவருக்கு இதே மெஷின், இதே பொண்ணு, துளிகூடக் குறையவில்லை, பாதியில் நின்றுவிட்டார். பேக்கேஜ் கட்டச் சொல்லாத இடம் என்பதால் அவரால் நிற்கவாவது முடிந்தது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றால், இதில் எல்லாரும் எடுத்துக்காட்டுவது 2009இல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு. 16 ஆய்வுகள், மொத்தம் 820 பேர். நாள்பட்ட கழுத்து வலிக்காரர்களுக்கு வைத்தியம் முடிந்து 22 வாரம் வரைக்கும் வலி குறைவு நீடித்திருக்கிறது, வலி எவ்வளவு குறைந்தது என்றால் நூற்றுக்கு ஏறக்குறைய 20 புள்ளி. அதாவது ஏழு ஐந்தாகும் அளவு. மோசமில்லை, மாயமும் இல்லை. இதைக் காட்டி வியாபாரம் செய்கிறவர்கள் இரண்டு விஷயத்தை விழுங்கிவிடுவார்கள்: அந்த ஆய்வுகள் குறைந்த சக்தி லேசரைப் பற்றியவை, இன்றைக்குச் சென்டர்களில் இருக்கும் சூடான பத்து வாட் மெஷினைப் பற்றியவை இல்லை. அதோடு அவை பொதுவான கழுத்து வலியைப் பற்றியவை, டிஸ்க் நரம்பை அழுத்தி விரல் மரத்துப்போனவர்களுக்கென்று நடத்தியவை இல்லை.

டிஸ்க்கைத் தொட வாய்ப்பில்லை என்று ஏன் சொன்னேன் என்றால், பின்னங்கழுத்தில் இருந்து கணக்குப் பாருங்கள். தோல், கொழுப்பு, அடுக்கடுக்காகத் தசை, அப்புறம் எலும்பு வளைவு, அதற்குள் தண்டுவடம், அதற்கும் முன்னால்தான் டிஸ்க். அவ்வளவு தூரம் போய்ச் சேரும் வெளிச்சம் சொற்பத்திலும் சொற்பம். தசையிலும் மேலோட்டமான நரம்புகளிலும் அது ஏதோ செய்கிறது. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிறது, வீக்கம் தணிகிறது, வலி கடத்தும் நரம்பின் வேகம் மட்டுப்படுகிறது என்று விளக்குகிறார்கள். இது எல்லாம் தொடங்கியதே ஒரு வேடிக்கை. 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற டாக்டர் லேசரால் புற்றுநோய் வருமா என்று பார்க்க எலி முதுகை மழித்து வெளிச்சம் அடித்திருக்கிறார், புற்றுநோய் வரவில்லை, அடித்த எலிகளுக்கு முடி சீக்கிரம் முளைத்துவிட்டது. என் பிடரியில் அப்படி எந்த அற்புதமும் நடக்கவில்லை.

உண்மையில் பாதிக்கு மேல் வேலை செய்தது பயிற்சியும் மேசையும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தாடையை நேராகப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது (கண்ணாடி முன் செய்தால் இரட்டைத் தாடை விழும், அதுதான் சரியாகச் செய்கிறோம் என்பதற்கு அடையாளம்), உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் தள்ளுவது, தோள்பட்டைகளைப் பின்னால் ஒன்றுசேர்ப்பது, ரப்பர் பட்டையை இழுப்பது. வலி ஏழில் இருக்கும்போது இதில் எதையும் என்னால் செய்ய முடிந்ததில்லை, நாலுக்கு வந்த பிறகுதான் முடிந்தது. லேசருக்கு நான் கொடுக்கும் மரியாதை அந்த இடத்தில்தான். ப்ரூஃப் பார்க்க இப்போது சாய்வு மேசை, ஓவியர்கள் வைத்திருப்பார்களே அந்த மாதிரி, தாள் கண்ணுக்கு நேரே நிற்கும், எங்கள் ஊர் ஆசாரியே செய்து கொடுத்தார். மானிட்டரை உயர்த்தியாயிற்று. கழுத்துப் பட்டையை டாக்டர் கழற்றச் சொல்லிவிட்டார், மாதக்கணக்கில் போட்டால் கழுத்துச் சதை சோம்பேறியாகிவிடும். கொழுந்தனார் ஆன்லைனில் கையடக்க லேசர் டார்ச் ஒன்று வாங்கி வந்தார், அதில் எத்தனை வாட் என்றே எழுதியிருக்கவில்லை, சிவப்பாக எரிகிறது, பேரன் அதை வைத்துப் பூனைக்கு விளையாட்டுக் காட்டப் பார்த்தான், பிடுங்கி உள்ளே வைத்துவிட்டேன்.

காசு விவரம், நான் போனபோது இருந்தது: ஒரு தடவை லேசருக்கு 800, பயிற்சியும் கை வைத்தியமும் சேர்த்தால் 1,100. அன்றைக்கன்றைக்குக் கொடுத்தால் போதும், ஜிபே உண்டு, ரசீது கேட்டால்தான் தருவார்கள். இன்சூரன்ஸில் வராது, ஆஸ்பத்திரியில் தங்காமல் செய்யும் பிசியோதெரபிக்கு என் பாலிசியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள், உங்கள் பாலிசியைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அதைவிடப் பெரிய செலவு பஸ். சிவகாசியில் இருந்து கிளம்பித் திருமங்கலம் தாண்டி மதுரைக்குள் நுழைவதற்குள் எத்தனை வேகத்தடை, சாயங்காலம் திரும்பி வரும்போது வைத்த லேசர் எல்லாம் விருதுநகரிலேயே இறங்கிவிட்டது என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். பிற்பாடு மதுரையில் தங்கை வீட்டில் தங்கிக்கொண்டேன், அதற்கப்புறம்தான் பலனே தெரிந்தது. பக்கத்து ஊரிலேயே ஒழுங்கான பிசியோதெரபிஸ்ட் இருந்தால், லேசர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவரிடமே போங்கள்.

கர்ப்பமாக இருக்கிறவர்கள், புற்றுநோய் இருந்தவர்கள், தைராய்டு கட்டி உள்ளவர்கள், வெயில் பட்டாலே தோல் தடிக்கும் மருந்து எதையாவது சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அங்கே கேட்டார்கள், ஆனால் கேட்கிற வரைக்கும் நீங்கள் காத்திருக்காதீர்கள். காலை ஏழரைக்கே திறந்துவிடுகிறார்கள், அந்த நேரம் போனால் அந்தப் பொண்ணே இருப்பாள், சாயங்காலம் கூட்டத்தில் யார் கையில் மாட்டுவோம் என்று சொல்ல முடியாது. தலைக்கு எண்ணெய் வைக்காமல் போங்கள், பெண்கள் பின் கழுத்து அகலமாக வெட்டிய ஜாக்கெட் அல்லது டாப்ஸ் போட்டுக்கொண்டு போனால் நல்லது, இல்லாவிட்டால் அங்கே ஒரு பச்சைக் கவுன் தருவார்கள், அதில் நாடா ஒன்று அறுந்திருக்கிறது, நான் போன கடைசி நாள் வரை தைக்கவில்லை.